அழுத்தத்தையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘அறை வெப்பநிலையில் மின்தடையே இல்லாத பொருள்’, அதாவது மின்சாரத்தை எதிர்ப்பே இல்லாமல் ஓடவிடும் பொருள், என்று அவ்வப்போது நம் தமிழ் நாளிதழ்களில் துணுக்குச் செய்தி வருகிறது. அது எவ்வளவு அழுத்தத்தில் நடந்தது என்பதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் செய்தியே வேறாகிவிடும்.

நான் பாடாங் செராய் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்பிரிவுப் பொறுப்பாளராக, இருந்து ஓய்வுபெற்றவன். ரப்பரைக் காயவைக்கும் ட்ரையரின் சூட்டை எங்களுக்குச் சொன்னது பிளாட்டினக் கம்பி வைத்த சென்சார்தான். 0 டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். ட்ரையர் 120 டிகிரியில் ஓடும்போது மீட்டர் 146 ஓம் காட்ட வேண்டும். ஒயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறி 2 ஓம் கூடிவிட்டால் போதும், இல்லாத சூட்டை 5 டிகிரி கூட்டிக் காட்டும். பர்னர் அடங்கிவிடும். ரப்பர் கட்டியை அறுத்துப் பார்த்தால் நடுவில் காயாத வெள்ளைத் திட்டு இருக்கும். ஏர்கான் சென்சாரில் கதை தலைகீழ்: சூடு ஏற ஏற மின்தடை இறங்கும். சூட்டைச் சொல்லாமல் மின்தடையை மட்டும் சொன்னால் எங்கள் தொழிலில் அது அளவே இல்லை.

அழுத்தமும் அப்படித்தான். 2015இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை இரண்டு வைர முனைகளுக்கு நடுவில் நசுக்கி, மைனஸ் 70 டிகிரியிலேயே மின்தடை இல்லாமல் செய்தார்கள். 2019இல் லாந்தனம் ஹைட்ரைடு மைனஸ் 23 வரை வந்தது. பெரிய சாதனைதான். ஆனால் அங்கே இருந்த அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 15 லட்சம் மடங்கும் அதற்கு மேலும். மோட்டார் சைக்கிள் டயருக்குள் இருப்பது 3 மடங்குதான். நசுங்கிய பொருளோ தலைமுடியின் தடிமன்கூட இல்லாத துகள். அதை வைத்து மின்கம்பி இழுக்க முடியாது.

கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு சிப் ஆலை திறந்தார்கள். சாதாரண சிலிக்கான் தாங்காத சூட்டையும் சிலிக்கான் கார்பைடு தாங்கும் என்பதால்தான் அதற்கு இவ்வளவு மவுசு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடிப் போகிற இடம் அது. அவர்கள் வீட்டில் படிப்பது தமிழ்ப் பத்திரிகை. சூடும் அழுத்தமும் ஒரு வரி இடம்தானே பிடிக்கும்?

அப்புறம் இன்னொன்று. 2023 மார்ச்சில் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்த அறை வெப்பநிலைக் கட்டுரையை நவம்பரிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்படிக் கைவிடப்பட்டதையும் முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்ஜ்மேன்,
பாடாங் செராய், கெடா.