ஹெச்4 தள்ளினால் இ6 வைக்காதே

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள பாப்பா,

நீ கறுப்புக் காயில் ஆடின செஸ் ஆட்டத்தோட மூவ் எல்லாம் எழுதி அனுப்பின ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துப் போர்டில் காய் அடுக்கி ஆடிப் பார்த்தேன். எட்டாவது மூவிலேயே பிஷப் போயிருக்கு. ஆனா தப்பு நாலாவது மூவில்.

1. இ4 சி6 2. டி4 டி5 3. இ5 பிஷப் எஃப்5. (எண்ணுக்கு அடுத்து வெள்ளையோட மூவ், அதுக்கப்புறம் உன்னோடது; இ4, சி6 எல்லாம் கட்டத்தோட பேர், காய் பேர் சொல்லலேன்னா சிப்பாய்.) இதுவரைக்கும் சுத்தமான காரோ-கான், கறுப்போட ஒரு தொடக்க ஆட்டமுறை. இ6 வைக்கிறதுக்கு முன்னாடி பிஷப்பை வெளியே எடுத்துட்டே, நல்லது. எதிராளி 4. ஹெச்4 தள்ளினதும் வழக்கம்போல இ6 வெச்சுட்டே, கண்ணு. அதோட பிஷப் டி7-க்குத் திரும்புற வழி அடைஞ்சுபோச்சு.

5. ஜி4. நீ பிஷப்பை இ4-க்குக் கொண்டுபோய் ஹெச்1 யானையை மிரட்டினே. 6. எஃப்3 வந்ததும் யானைக்கு மறைப்பும் ஆச்சு, பிஷப்புக்கு அடியும் ஆச்சு. ஜி6-க்கு ஓடினே, 7. ஹெச்5. இப்போ சுத்திப் பார்: ஹெச்7-இல் உன் சிப்பாயே நிக்குது, எஃப்5-ஐயும் இ4-ஐயும் அவங்க சிப்பாய் பார்க்குது. சி2-இல் போய் விழுந்தா ஒரு சிப்பாய்தான் மிச்சம். நம்ம முட்டுச்சந்துக்குள்ள ஆட்டோ மாட்டின கதைதான்.

4. ஹெச்4-க்கு நீயும் ஹெச்5 வை. ஜி4 தள்ள விடாது, ஹெச்7-உம் காலியாகும். அதுக்கு விலை உண்டு: ஜி5-ஐ ஹெச் சிப்பாயால இனி காக்க முடியாது, அவங்க பிஷப் அங்கே வந்து உட்காரும். 5. பிஷப் டி3 வந்தா உன் பிஷப்பால அதை வெட்டி மாத்திக்கோ. 6-இல் அவங்க ராணி உன் பிஷப்பை எடுத்த பிறகு இ6 வைக்கலாம், அடைபட அந்த பிஷப் இல்லையே. 7. பிஷப் ஜி5-க்கு ராணி பி6. அப்புறம் சி5 தள்ளியே ஆகணும், இல்லேன்னா உன் காய்களுக்கு மூச்சு விட இடமே இருக்காது.

4. ஹெச்4-க்கு ஹெச்5-க்குப் பதிலா ஹெச்6-உம் ஆடலாம். 1961 உலக சாம்பியன்ஷிப்பில் தால் இதே ஹெச்4 தள்ளினப்போ போத்வின்னிக் அதைத்தான் வெச்சார், 5. ஜி4-க்குப் பிஷப்பை டி7-க்கு இழுத்துக்கிட்டார். (ஆனந்த் சின்ன வயசில் ஆடின சென்னை கிளப்புக்கு இந்தத் தால் பேர்தான்.) நீ அதிலேயும் இ4-க்குப் போனா, 6. எஃப்3 பிஷப் ஹெச்7 7. இ6! எஃப் சிப்பாயால எடுத்தா 8. பிஷப் டி3, பிஷப் மாறும், ராணி ஜி6-இல் செக் கொடுக்கும். அதனால 5. ஜி4-க்குப் பிஷப் டி7 மட்டும்தான்.

அடுத்த ரவுண்டில் காய் நகர்த்தி, மூவை எழுதினதும் பக்கத்துலயே கடிகார நேரத்தையும் குறிச்சுக்கோ. விதிப்படி அதுக்கு அனுமதி இருக்கு. இ6-ஐ எத்தனை நொடியில் வெச்சேன்னு இந்த ஷீட்டில் தெரியல, எனக்கு அதுதான் தெரியணும்.

அம்மா