பாதியில் நிற்கும் வேலையைக் கலைக்காமல் வைக்க ஓர் இடம் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரையை ஒட்டி நடக்கிறது எங்கள் சிறிய பள்ளி. அதற்கு ஒரு பட்டறைக் கூடம் கட்டும் முயற்சியில் பெற்றோரும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இறங்கியிருக்கிறோம். உங்களிடம் உதவி கேட்டு எழுதுகிறோம்.

வகுப்பறைகள் இருக்கும்போது தனியாக ஒரு கூடம் எதற்கு என்று கேட்கலாம். போன ஐப்பசியில் மழை நின்று சில நாள் ஆன பிறகும் பள்ளிக் கிணற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. “மழைதான் நின்னுருச்சே, அப்புறம் எப்படி ஏறுது?” என்று நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். ஆசிரியை விடை சொல்லவில்லை. எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று வகுப்பையே கேட்டார். பிள்ளைகள் கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, ஆசிரியை கூட நிற்கத் தினமும் காலையில் தண்ணீர் மட்டம் பார்த்தார்கள். கண்மாய்க்குப் பக்கத்துக் கிணறு ஒன்று, தள்ளியிருக்கும் கிணறு ஒன்று என இரண்டையும் அளந்தார்கள். அளவுகளை வரைபடமாகப் போடும்போது தசமம் தேவைப்பட்டது, கற்றுக்கொண்டார்கள். எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்தார்கள். அந்த வாரம் தமிழ் வகுப்புக் கட்டுரை அதுதான்.

அப்புறம், தண்ணீர் மண்ணுக்குள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க, பாட்டில்களின் அடியை வெட்டி, மூடியில் துளை போட்டு, கவிழ்த்து நிறுத்தினார்கள். ஒன்றில் மணல், ஒன்றில் செம்மண், ஒன்றில் கண்மாயிலிருந்து எடுத்த கரம்பை. மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினார்கள். மணலில் சீக்கிரம் இறங்கிவிட்டது, செம்மண் நேரம் எடுத்தது. கரம்பையிலோ மதியம் வரை சில சொட்டுகள்தான். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எங்களிடம் இருக்கும் ஒரே பொது இடத்தில்தான் பிள்ளைகள் சாப்பிட வேண்டும், சின்னவர்கள் தூங்க வேண்டும். பாட்டில்களைத் திண்ணைக்கு மாற்றினோம். சாரல் விழுந்து அளவு கெட்டுப்போனது.

இப்படி மாதத்துக்குப் பல முறை நடக்கிறது. ஒரு குழந்தை தானாகக் கேட்ட கேள்விக்கு ஒரு பீரியடில் விடை கிடைப்பதில்லை. முளைக்கும் விதைக்கு நாலு நாள் வேண்டும், கூடு கட்டும் குளவிக்கு ஒரு வாரம் வேண்டும். மறுநாள் வந்து விட்ட இடத்தில் தொடர முடிந்தால்தான் அந்தக் கேள்வி பிழைக்கும். எங்கள் பள்ளியின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறோம். ஸ்மார்ட் போர்டு தர முன்வந்த நண்பர்களிடம்கூட, முதலில் தண்ணீர்க் குழாயும் அகலமான மேசையும் தாருங்கள் என்றுதான் கேட்டோம்.

இது புதிய யோசனை இல்லை. செய்துபார்த்தும் தேடிக் கண்டுபிடித்தும் குழந்தைகள் கற்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பிள்ளைகள் எழுதுவதற்காகக் கரும்பலகையை அவர்கள் உயரத்துக்கு இறக்கி வைத்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் திட்டம், சாதாரணக் கிராமத்து அரசுப் பள்ளிகளில் மலிவான பொருட்களைக் கொண்டே முப்பது ஆண்டு நடந்தது. அங்கே தேர்விலும் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து பார்க்க முடிந்தது, செய்முறையும் இருந்தது. பாடம் எப்போது முடியும் என்ற கவலை எங்கள் பெற்றோருக்கும் இருக்கிறது, நியாயமான கவலைதான். வாசிப்புக்கும் கணக்குக்கும் தினமும் தனி நேரம் ஒதுக்குகிறோம், அதில் சமரசம் இல்லை.

கூடம் முப்பதுக்கு இருபது அடி. அரைச்சுவர், ஓட்டுக்கூரை, நாலு பக்கமும் வெளிச்சம். கட்டடத்துக்கு ரூ.7,20,000, மேசை, அலமாரிகளுக்கு ரூ.1,10,000, தராசு, உருப்பெருக்கி, தச்சுக் கருவிகள் முதலியவற்றுக்கு ரூ.70,000. ஆக ரூ.9,00,000. பெற்றோரும் ஊர்க்காரர்களும் இதுவரை ரூ.2,60,000 தந்திருக்கிறார்கள். பலர் கூலி நாட்களில் மிச்சம்பிடித்துத் தந்த பணம் அது. மீதி ரூ.6,40,000 வேண்டும். சனிக்கிழமைகளில் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் இங்கே வேலை செய்வார்கள் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். பணம் தர முடியாதவர்கள் பழைய சன்னல், மரச்சட்டம், ஓடு தரலாம். கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன் யாராவது ஒரு நாள் வேலையைக் கொடுக்கலாம். கிணறு வெட்டியவர்கள், மண்பானை செய்பவர்கள், தேனீ வளர்ப்பவர்கள் வந்து பிள்ளைகளின் கேள்விகளுக்கு முன்னால் ஒரு மதியம் உட்கார்ந்தால் அதற்கு விலையே இல்லை.

பணத்தைப் பள்ளி அறக்கட்டளையின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள், கணக்கு விவரம் பள்ளி அலுவலகத்தில் கிடைக்கும். தனிநபர் கையில் தர வேண்டாம். எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள். வரவு செலவு மாதாமாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், யாரும் வந்து பார்க்கலாம். மீதம் வந்தால் கருவிகளுக்கே போகும். பணம் குறைந்தால் கூரையையும் தரையையும் முதலில் முடித்து, அலமாரிகளைப் பிறகு பார்ப்போம்.

இந்த வருடம் ஐப்பசி மழைக்கு முன் ஓடு போட்டாக வேண்டும். அதனால் ஆவணி முடிவதற்குள் உங்கள் பங்கை அனுப்பிவிட்டால் வேலை தடைப்படாது.

அன்புடன்,
பள்ளிக் கட்டடக் குழு