பாஸ்வேர்டை வாங்கிக்கொடுத்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்

மதிப்பிற்குரிய துறைத்தலைவருக்கும், விளம்பரப் பாடம் நடத்தும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டுதோறும் உங்கள் மாணவர்கள் எங்கள் குழந்தைகள் இல்லத்துக்கு விளம்பரம் செய்ய வருகிறார்கள். அனுப்பிவைப்பதே நீங்கள்தான் என்பதால் முன்கதை தேவையில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: சமூக வலைத்தளத்தில் எங்கள் பெயரில் தொடங்கிய பேஜின் பாஸ்வேர்டும், போஸ்டர்களின் மூலக் கோப்புகளும் எங்கள் கைக்கு வந்த பிறகு மாணவர்களுக்கு மதிப்பெண் போடுங்கள்.

இதைப் பொதுவில் எழுதக் காரணம் இருக்கிறது. சமீபத்தில் எங்கள் இல்லத்துப் பெண் ஒருத்தி, இனிப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். முன்பு வந்த பேட்ச் ஒன்று எடுத்து அந்த பேஜில் போட்ட அவள் படம் வகுப்பில் எல்லோர் கைக்கும் போயிருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறாள். கீழே பெரிய எழுத்தில், "இவளுக்கு யாருமில்லை." அவளுக்கு அம்மா இருக்கிறார். மாதம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். படம் எடுக்கத்தான் அனுமதி கேட்டார்கள். அந்த வாசகம் வெளியான பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. அன்றே எடுக்கச் சொன்னோம். ப்ரசன்டேஷன் முடியட்டும், எடுத்துவிடுகிறோம் என்றார்கள். ப்ரசன்டேஷன் முடிந்தது, செமஸ்டர் முடிந்தது, படிப்பும் முடிந்தது.

பேஜைத் தொடங்கியது கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில். படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சலைக் கல்லூரி மூடிவிட்டது. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் அதற்கான இணைப்பு அந்த மூடிய முகவரிக்குத்தான் போகிறது. தொடங்கிய மாணவியைத் தேடிப் பிடித்தோம். பாவம், "என்னாலேயே உள்ளே போக முடியலக்கா" என்கிறாள். பேஜை நடத்தும் நிறுவனத்திடம் புகார் செய்தால், நீங்கள்தான் அட்மின் என்று நிரூபியுங்கள் என்று தானியங்கிப் பதில் வருகிறது. எங்கள் பெயரும் லோகோவும் உள்ள பேஜில் எங்கள் பிள்ளையின் படத்தை எங்களால் எடுக்க முடியவில்லை. இதை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்துக்கும் நற்பெயருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. 1980களின் எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது பசியில் வாடியவர்களைக் காட்டி வந்த படங்களைப் பற்றி எழுந்த விமர்சனங்களை அடுத்து, ஐரோப்பியத் தொண்டு அமைப்புகள் அதே 1989இல்தான் படங்களுக்கும் வாசகங்களுக்கும் நடத்தை விதி வகுத்தன. விளம்பரம் கற்றுத்தரும் உங்களுக்கு நான் இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் வருகிற மாணவர்களுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

போஸ்டர்களின் கதை சின்னதுதான். அதில் இருக்கும் தொலைபேசி எண் மாறிவிட்டது. மாற்றலாம் என்றால் மூலக் கோப்பு யாரோ ஒருவரின் பழைய லேப்டாப்பில் இருக்கிறதாம்.

எந்த பேட்ச் வந்தாலும் முதல் கூட்டத்தில், நன்கொடை திரட்டத் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்ட 2014இன் ஐஸ் பக்கெட் சவாலைத் திரையில் காட்டுவார்கள். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்கச் சங்கத்துக்குச் சில வாரங்களில் சுமார் 115 மில்லியன் டாலர் சேர்ந்தது உண்மைதான். அந்தப் பணத்தை வாங்கிக் கணக்கில் வைக்கவும், கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவும் அங்கே ஆள் இருந்தார்கள் என்பது மட்டும் எந்த ஸ்லைடிலும் வராது. எங்கள் பேஜில் உதவி கேட்டு எழுதியவர்களின் செய்திகளை யாருமே திறந்து பார்க்கவில்லை. ஆனால் மாணவர்கள் எங்களுக்காகச் செய்த அந்தப் பிரச்சாரத்துக்குப் பரிசு கிடைத்ததாம். உங்கள் செய்தி மடலைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அதில் எங்கள் இல்லத்தின் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். 'சமூக அக்கறை' என்ற தலைப்பில் மட்டும் பிழையே இல்லை.

சரி, கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. மாணவர்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. ஒரு பையன் செய்துகொடுத்த நன்கொடைப் படிவத்தைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறோம். அவன் போகும்போது கோப்பையும் கொடுத்துவிட்டுப் போனான். யாரும் அவனிடம் கேட்கக்கூட இல்லை. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டுமென்றால் நீங்கள் கேட்க வேண்டும்.

இனி பேஜை எங்கள் இல்லத்தின் மின்னஞ்சலில் தொடங்கட்டும். மாணவர்களை அட்மினாகச் சேர்த்துக்கொள்கிறோம், வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளட்டும். பிள்ளைகளின் படமும் அதற்கான வாசகமும் வெளியாகும் முன் எங்கள் பார்வைக்கு வரட்டும். எல்லாம் வந்து சேர்ந்தது என்று நாங்கள் எழுதிக்கொடுத்த பிறகு மதிப்பெண் போடுங்கள்.

அதற்கு முன் அவசரமாக ஒன்று. மூடிய அந்த மின்னஞ்சலை உங்கள் கணினிப் பிரிவு ஒரே ஒரு நாள் திறந்து கொடுத்தால் போதும், பாஸ்வேர்டை மாற்றிப் படத்தை எடுத்துவிடுவோம். தயவுசெய்து இந்த வாரமே செய்துகொடுங்கள்.

அடுத்த பேட்சின் அறிமுகக் கடிதம் மேசைமேல் இருக்கிறது. உங்கள் பதில் வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
இல்லப் பொறுப்பாளர்