தரிசுக் காட்டில் ஒரு ஸ்டார்ட்டர்

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பாதி சோம்பல், பாதி பேத்தியின் காதுகுத்து. அவள் போட்ட கூச்சலில் ஆசாரியே ஊசியைக் கீழே நழுவவிட்டார். அதை நேரில் சொல்கிறேன்.

அப்பா போய், வருகிற ஆடியோடு ஒரு வருஷம் என்று எழுதியிருந்தாய். நம்ப முடியவில்லை. அதோடு நீ கேட்ட கேள்வி: "மரபணு டெஸ்ட் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் அப்பாவுக்கு வந்த புராஸ்டேட் புற்றுநோய் பரம்பரை இல்லைதானே?" முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவனிடம் இதைக் கேட்டுவிட்டு ஒரு வரியில் பதில் வரும் என்று எதிர்பார்க்காதே.

உனக்கு எடுத்த டெஸ்ட் பெரும்பாலும் பிஆர்சிஏ2, ஹெச்ஓஎக்ஸ்பி13 போன்ற மரபணுக்களைப் பார்ப்பது. அவற்றில் பிழை இருந்தால் புரதமே கோணலாகும், அல்லது இல்லாமலே போகும். அப்படிப்பட்ட குடும்பங்கள் குறைவு. ஆனால் வடக்கு ஐரோப்பிய நாடுகளின் இரட்டையர்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வு, இந்த நோய் யாருக்கு வருகிறது என்பதில் உள்ள வேறுபாட்டில் சுமார் 57 சதவீதம் பரம்பரையைச் சேர்ந்தது என்றது. மீதிப் பரம்பரை எங்கே ஒளிந்திருக்கிறது? நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாறுபாடுகளில். 2023இல் வந்த பட்டியலில் 451 இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவை எந்தப் புரதத்தையும் தொடுவதில்லை. மரபணுக்களுக்கு வெளியே கிடக்கின்றன.

உங்கள் தோட்டத்து மோட்டார் ஞாபகம் இருக்கிறதா? கிணறு ஒரு மூலையில். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று அப்பா ஒயர் இழுத்து, தரிசுக் காட்டு ஓரம் வேப்பமரத்தடியில் ஸ்டார்ட்டர் பெட்டியை மாட்டியிருந்தார். புதிதாக வருகிறவன் பார்த்தால், பொட்டலில் இந்தப் பெட்டிக்கு என்ன வேலை என்றுதான் கேட்பான். 2006இல் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. எட்டாவது குரோமோசோமில் நோயோடு தொடர்புள்ள ஓர் இடம் கிடைத்தது, சுற்றிலும் பொட்டல். டி.என்.ஏ.வில் சில லட்சம் எழுத்து தள்ளி எம்ஒய்சி என்ற மரபணு, செல்களைப் பெருகச் சொல்லும் பேர்வழி. அந்த இடம்தான் சுவிட்ச், இந்த மரபணுதான் மோட்டார். ஒயர் கிடையாது, டி.என்.ஏ. மடிந்து வளைந்து சுவிட்சை மோட்டாருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

எனக்குப் பிடித்தது பத்தாவது குரோமோசோமில் இருக்கிற இன்னொன்று. எம்எஸ்எம்பி என்ற மரபணு தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரே ஓர் எழுத்து. சிலருக்கு அங்கே சி, சிலருக்கு டி. இந்த மரபணு தரும் புரதத்தைப் புராஸ்டேட் ஏராளமாகச் சுரந்து விந்துவில் கலக்கிறது. சி இருந்தால் மரபணுவை முடுக்கிவிடும் சிஆர்இபி என்ற புரதம் அங்கே நன்றாக ஒட்டுகிறது. டி இருந்தால் பிடி நழுவுகிறது. புரதத்தின் அமைப்பில் ஒரு குறையும் இல்லை, அளவுதான் குறைகிறது. லோ வோல்டேஜில் மோட்டார் நன்றாக இருந்தும் வாய்க்காலில் தண்ணீர் ஒழுகுமே, அதே கதை. அதே டி பக்கத்து மரபணுவான என்சிஓஏ4ஐக் கொஞ்சம் கூட்டியும் விடுகிறது. அது ஆண் ஹார்மோனின் ஏற்பிக்குக் கைகொடுக்கும் புரதம். ஒரு பெட்டியில் இரண்டு மோட்டார்!

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், அறுவையில் எடுத்த புராஸ்டேட் திசுவை உடனே உறையவைத்து, அதில் எந்த மரபணுவின் ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்ய எடுக்கும் நகல், எவ்வளவு என்று அளக்கிறார்கள். தாமதித்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். பிறகு அதே ஆளின் ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் அந்த எழுத்து என்ன என்று பார்த்து ஒப்பிடுகிறார்கள். ரத்தத்தில் ஆர்.என்.ஏ.வை அளந்தால் போதாதா என்று கேட்பாய். போதாது. பல சுவிட்சுகள் புராஸ்டேட்டில் மட்டும்தான் வேலை செய்கின்றன. ஆறாவது குரோமோசோமில் ஒரு டி இருக்கிறது. ஹெச்ஓஎக்ஸ்பி13 புரதம் அங்கே கூடுதலாக ஒட்டி ஆர்எஃப்எக்ஸ்6 என்ற மரபணுவைத் தூக்கிவிடுகிறது. ஹெச்ஓஎக்ஸ்பி13 இல்லாத திசுவில் அந்த எழுத்து எதுவாக இருந்தால் என்ன?

அப்புறம், பயப்படாதே. எம்எஸ்எம்பி டி ஒன்று இருந்தால் ஏற்கெனவே உள்ள வாய்ப்பில் இருபது சதவீதத்துக்குச் சற்று மேலே கூடும், அவ்வளவுதான். ஐரோப்பிய வம்சாவளியினரின் குரோமோசோம்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் அது இருக்கிறது. இந்தக் கணக்குகள் பெரும்பாலும் அவர்களை வைத்துப் போட்டவை. இந்த எழுத்துகளையெல்லாம் கூட்டிப் போட்ட மரபணு ஸ்கோர் என்று யாராவது உன்னிடம் விற்க வந்தால், யாரை வைத்துப் போட்டது என்று முதலில் கேள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் பிஎஸ்ஏ, அதாவது ரத்தத்தில் அளக்கும் ஒரு புராஸ்டேட் புரதம், 5 என்று வந்தது. இரண்டு வாரம் தூக்கமில்லை. லேபில் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. பிஎஸ்ஏவின் அளவையும் பிறவி எழுத்துகள் ஏற்றி இறக்குகின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. மேலே சொன்ன அதே டி, புற்றுநோய் இல்லாதவனிடமும் பிஎஸ்ஏவைச் சற்றே கூட்டும். பிஎஸ்ஏ கூடினால் பயாப்சி, பயாப்சி செய்தால் சின்னக் கட்டியும் அகப்படும். ஆகவே அந்த 451இல் சில, நோயைத் தருபவையா, நோயைக் கண்டுபிடிக்கவைப்பவையா என்று எனக்கே சந்தேகம்.

உன் விஷயம் வேறு. அப்பாவுக்கு இருந்ததால் உனக்கு வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. டெஸ்டில் ஒன்றுமில்லை என்பதால் அது போய்விடாது. தம்பிக்கும் அதே கணக்குதான். இரண்டு பேரும் ஒரு நல்ல யூராலஜி டாக்டரைப் பார்த்து, அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஆடியில் திதிக்கு வருகிறேன். வேப்பமரத்து ஸ்டார்ட்டர் இன்னும் இருக்கிறதா, இல்லை தம்பி மொபைலில் போடுகிற மாதிரி மாற்றிவிட்டானா?

உன்
பழனி