கள்ளியின் கனிகளையும் படமெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கள்ளிகளையும் சதைப்பற்றுள்ள பிற செடிகளையும் பற்றி இதழ்களில் வெளியாகும் படங்களில் பூக்களே நிறைந்திருக்கின்றன. கனிகளைக் காண்பது அரிது. செடியை இனங்காண்பதற்குக் கனியும் விதையும் பெரிதும் உதவுகின்றன என்பதால், இதை வெறும் ரசனை சார்ந்த குறையாக என்னால் கருத முடியவில்லை.

கள்ளிப் பூவின் சூலகம் (பின்னர் கனியாகும் பகுதி) தண்டுத் திசுவுக்குள் புதைந்து வளர்வதால்தான் சப்பாத்திக்கள்ளியின் பழத்தோலிலும், தண்டில் இருப்பதைப் போலவே, கொத்துக் கொத்தாக நுண்முட்கள் காணப்படுகின்றன. மாமில்லேரியா என்னும் கள்ளிப் பேரினத்தின் கனியிலோ முள்ளே இல்லை. அந்தப் பேரினத்தின் பல செடிகளில் பூ வாடிய பின் கனி பல மாதங்கள் உள்ளேயே மறைந்திருந்து, ஒரு நாள் சிவந்த சிறு மிளகாயைப் போல வெளியே நீள்கிறது. பூவின் படத்தோடு நின்றுவிடுபவருக்கு இந்த இரண்டாம் பருவம் தெரியாமலேயே போய்விடுகிறது.

எல்லாவற்றையும்விட, கூழாங்கல்லைப் போலத் தோன்றும் சதைப்பற்றுச் செடியான லித்தாப்ஸின் உலர்ந்த காயைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்பேன். கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, காயின் மேல் ஒரு துளி நீரை விட்டுத் தொடர்ச்சியாகப் படமெடுத்தால், அதன் மூடிகள் சில நிமிடங்களில் விரிவதைப் பதிவுசெய்யலாம். இயற்கையில் மழைத்துளிகள் விழும் வேகத்தில்தான் அதன் விதைகள் சிதறிப் பரவுகின்றன, ஈரம் உலர்ந்ததும் காய் மீண்டும் மூடிக்கொள்கிறது. பந்து வடிவச் சதைப்பற்றுச் செடியான யூபோர்பியா ஒபேசாவின் மூவறைக் காய் முற்றியதும் வெடித்து விதைகளை எறிந்துவிடும் என்பதால், அதை முன்கூட்டியே படமெடுப்பது நல்லது.

மிக அருகில் வைத்து எடுக்கும்போது குவியத்தின் ஆழம், அதாவது படத்தில் தெளிவாகத் தெரியும் பகுதி, மிகவும் குறைந்துவிடும். ஆகவே மேக்ரோ லென்ஸில் (அண்மைப் படங்களுக்கான லென்ஸ்) ஒளி நுழையும் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்குவது பயன்தரும். பளபளப்பான கனிகளின் மேல் நேர் வெயில் பட்டால் நிறம் வெளுத்துத் தெரியும் என்பதால், இடையில் மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்து ஒளியை மென்மையாக்கிக்கொள்ளலாம். காட்டில் வளரும் செடிகளிலிருந்து கனியைப் பறிக்காமல், செடியில் இருக்கும்போதே படமெடுப்பதே முறை.

தங்கள் நாளிதழ் இத்தகைய படங்களை வாசகர்களிடமிருந்து வரவேற்று, செடியின் தாவரவியல் பெயர், பூத்த நாள், படமெடுத்த நாள், கனியின் நீளம் ஆகியவற்றோடு வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செடி வளர்க்கும் வாசகர் ஒருவர்