அந்த மூன்றாவது அட்டவணை

அன்புள்ள செல்வம்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி தானே பேப்பர் படிக்கிறாள். நான்கு மாதமாக எழுதாததற்கு நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரம். அடுத்த மாதக் கூட்டத்தில் என் கூலிக் கட்டுரையின் மூன்றாவது அட்டவணையைக் காட்டப்போவதாகச் சொன்னாயே, காட்டாதே.

கடன் திட்டம் வந்த 4 மாவட்டங்களில் பெண்களின் கூலி ஏறியது, வராத 4-இல் ஏறவில்லை என்றேன். டி மதிப்பு, அதாவது விளைவு அதன் பிழை அளவைப்போல் எத்தனை மடங்கு என்பது, 2.9. பி-மதிப்பு, அதாவது விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய டி வருவதற்கான வாய்ப்பு, 0.02. மாவட்ட வாரியாக கிளஸ்டர் போட்டுத்தான், அதாவது ஒரே மாவட்டத்து வீடுகளை ஒரு கொத்தாக வைத்துத்தான் பிழை அளவைக் கணக்கிட்டேன். ஆனால் அந்த சூத்திரம் கிளஸ்டர்கள் நிறைய இருந்தால்தான் சரியாக நிற்கும். ஆறாயிரம் வீடு ஏறி இறங்கி என்ன பயன்? மழை பொய்த்தால் மாவட்டம் முழுக்கத்தான் பொய்க்கிறது. என் கையில் இருந்தது எட்டே எட்டு.

பெர்ட்ரண்ட், டுஃப்லோ, முல்லைநாதன் எழுதிய 2004 கட்டுரை நினைவிருக்கிறதா? ஜோசப் சார் மூன்றாவது பெயரை வாசித்ததும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாயே, அதேதான். அமெரிக்கப் பெண்களின் சம்பளத் தரவில், வராத சட்டங்களை வந்ததாக வைத்து ஓட்டினார்கள். நூற்றில் 5 முறை மட்டும் ஏமாற வேண்டிய சோதனை, 45 முறை வரை 'விளைவு உண்டு' என்றது. அதைப் படித்துத்தான் நாம் கிளஸ்டர் போடக் கற்றோம். அவர்களிடம் 50 மாநிலங்கள் இருந்ததை நான் மறந்துவிட்டேன்.

போன வாரம் கேமரன், கெல்பாக், மில்லர் 2008-இல் சொன்ன வைல்ட் கிளஸ்டர் பூட்ஸ்ட்ராப்பை ஓட்டினேன். முதலில் திட்டத்துக்கு விளைவே இல்லை என்று வைத்து ரிக்ரஷன் போட்டு, எச்சங்களை, அதாவது உண்மைக் கூலிக்கும் ரிக்ரஷன் கணித்த கூலிக்கும் உள்ள வித்தியாசங்களை எடுக்க வேண்டும். அப்புறம் மாவட்டத்துக்கு ஒரு காசு சுண்டல். தலை விழுந்தால் அந்த மாவட்டத்து எச்சங்கள் அப்படியே. பூ விழுந்தால் எல்லாவற்றுக்கும் குறி மாறும். அதிலிருந்து புதுக் கூலியைக் கட்டி, மறுபடி டி மதிப்பு. எட்டு மாவட்டத்துக்கு 256 சேர்க்கைதான் என்பதால் ஒன்றுவிடாமல் ஓட்டினேன். வந்த டி மதிப்புகளை, குறியை விட்டுவிட்டு, பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி அச்செடுத்து, பென்சிலோடு இறங்கினேன். பத்து வரிக்குள் என் 2.9 வந்துவிடும் என்று நினைத்தேன். வந்தது 34-வது வரியில். 256-இல் 34, அதாவது பி-மதிப்பு 0.13.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திட்டம் பயன்படவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, செல்வம். பயன்பட்டதா இல்லையா என்று எட்டு மாவட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். நான் சொல்லிவிட்டேன், அதை நம்பி மேலே கோப்பு நகர்கிறது. இதழின் ஆசிரியருக்குத் திருத்தம் அனுப்பியாயிற்று. புது அட்டவணை இதோடு இருக்கிறது.

உன் தறிக் கணக்கில் ஆறு ஊர்தானே? 64 சேர்க்கைதான் வரும், அதிலும் பாதி மறுபாதியின் கண்ணாடி பிம்பம். அவ்வளவு கொஞ்சத்தை வைத்து பி-மதிப்பைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. இரண்டே முடிவுள்ள காசு சுண்டலை விட்டுவிட்டு, வெப் என்ற ஆய்வாளர் தந்த, ஆறு மதிப்புகளில் ஒன்றால் எச்சங்களைப் பெருக்கும் எடைகளைப் போடு. கூட்டத்துக்கு முன்னாலேயே ஓட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும்.

அன்புடன்,
கதிர்