ஸ்கோப்பை மாற்ற முதல் இதை வாசி, மச்சான்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது, படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே கால் வைக்க ஏலாத வெக்கை, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் ஊர் அசைகிறது. மனிசிக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. மூத்தவளுக்கு மட்டக்களப்பிலிருந்து மாற்றம் கிடைத்துவிட்டது, பேரனும் இப்போது எங்களோடுதான், வீட்டில் ஒரு நிமிடம் அமைதி இல்லை, அது நல்லதுதான்.

மற்றக் கதைகளுக்குப் பிறகு வருகிறேன், முதலில் உன் .22 ரைபிளால் நீ சுட்டுப் படமெடுத்து அனுப்பிய இலக்குத் தாள்கள். இரண்டையும் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். 50 மீற்றர் தாளில் எல்லா வெடியும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு ஒரே கிழிசல், ஓரத்தில் ஈயத்தின் கறுப்பு வளையம் கூடத் தெளிவாகத் தெரிகிறது. 200 மீற்றர் தாளில் பக்கவாட்டில் மூன்று விரல் அகலம்தான், ஆனால் மேலிருந்து கீழே 15 சென்ரிமீற்றருக்கு ஏணிப்படி மாதிரி இறங்கியிருக்கிறது. நீ என்னவென்றால் ரைபிளின் மேல் குறிபார்க்கப் பூட்டியிருக்கிற ஸ்கோப் சரியில்லை, இதை விற்றுவிட்டு இன்னும் விலை கூடியதை வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாங்காதே மச்சான். அந்தத் தாள் ஸ்கோப்பைக் குற்றம் சொல்லவில்லை, நீ போடுகிற துவக்கு ரவையைத்தான் சொல்கிறது. அதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன், இத்தனை வருடம் பௌதிகம் படிப்பித்தவனுக்கு இதைவிட நல்ல கணக்குக் கிடைக்காது.

நீ போடுகிற .22 போட்டி ரவையின் சன்னம், அதாவது பறந்துபோகிற ஈயக் குண்டு, 2.6 கிராம். குழலை விட்டுப் போகும்போது செக்கனுக்கு 325 மீற்றர் அளவில் போகிறது. 200 மீற்றர் போய்ச் சேர ஏறத்தாழ 0.7 செக்கன் எடுக்கும், அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை இரண்டேகால் மீற்றர் அளவு கீழே இழுத்துவிடும். 50 மீற்றருக்குக் குறி சரிசெய்த ரைபிளென்றால், 200 இல் குறிக்கோட்டிலிருந்து ஒன்றரை மீற்றருக்கும் கூடக் கீழேதான் விழும், 300 இல் நாலு மீற்றரைத் தாண்டிவிடும். சரி, இப்போது ஒரு ரவை 325 இலும் அடுத்தது 322 இலும் போகிறது என்று வை. வெறும் 3 மீற்றர் வித்தியாசம். 50 மீற்றரில் அது 2 மில்லிமீற்றர் அளவுதான், அந்தக் கிழிசலுக்குள்ளேயே மறைந்துவிடும். 200 மீற்றரில் அதே வித்தியாசம் 4 சென்ரிமீற்றராகிவிடுகிறது. உன்னுடைய 15 சென்ரிமீற்றரைத் திருப்பிக் கணக்குப் பார்த்தால் உன் பெட்டிக்குள் வேகமான ரவைக்கும் மெதுவான ரவைக்கும் இடையில் செக்கனுக்கு 11, 12 மீற்றர் இடைவெளி இருக்கிறது. சாதாரணப் பெட்டிகளில் இது நடக்கிற விஷயம்தான். ஸ்கோப் பழுதென்றால் வெடிகள் பெரும்பாலும் இப்படி நேர்கோட்டில் இறங்கியிருக்காது, அங்குமிங்கும் பாய்ந்திருக்கும்.

ஏன் இந்த ரவையில் மட்டும் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டாய். போன கோடையில் உன் திடலில் சுட்டு முடிந்த ரவையின் வெற்றுக் கோது ஒன்றை எடுத்துப் பார்த்தது நினைவிருக்கிறதா, விளிம்பில் ஊசி அடித்த சின்னச் சதுரத் தழும்பு இருந்ததே? பெரிய ரவைகளில் நெருப்புப் பிடிக்கிற மருந்து அடியில் நடுவே தனிக் கிண்ணத்தில் இருக்கும். இதில் அந்த மருந்தை ஈரமாக விட்டு, கோதைச் சுழற்றி, மடிந்த விளிம்புக்குள்ளே சுற்றிவர ஏறவைக்கிறார்கள். அது எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் போய் உட்காராவிட்டால், ஊசி எந்த இடத்தில் அடிக்கிறது என்பதைப் பொறுத்தே பற்றுகிற விதம் மாறும். உள்ளே இருக்கிற வெடிமருந்தும் மிகக் கொஞ்சம், அதனால் சின்ன மாற்றமும் வேகத்தில் தெரியும். பெரிய ரைபிள்காரர்கள் வீட்டில் இருந்து மருந்தை நிறுத்து நிறுத்துத் தாங்களே ரவை செய்வார்கள், உனக்கு அந்த வழி இல்லை. 1887 ஆம் ஆண்டு வந்த ரவை இது, இன்றைக்கும் தொழிற்சாலை என்ன தருகிறதோ அதுதான் உன் கையில்.

ஆகவே நீ செய்யக்கூடிய ஒன்றே ஒன்று, தெரிவு செய்வது. பெட்டியின் மேல் அடித்திருக்கிற லொட் இலக்கத்தை, அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியின் இலக்கத்தைப் பார்த்து வாங்கு. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே நிறப் பெட்டி, ஆனால் லொட் மாறினால் உன் குழலுக்கு அது வேறு ரவை. ஒலிம்பிக் போகிறவர்களே தங்கள் ரைபிளைத் தூக்கிக்கொண்டு ரவை செய்கிற கம்பனிகளிடமே, ஜேர்மனியில் லாபுவாவின் ஷோனெபெக்குக்கோ, இங்கிலாந்தில் ஈலியின் பேர்மிங்ஹாமுக்கோ போய், லொட் லொட்டாகச் சுட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீ அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மூன்று நாலு லொட்டில் ஒவ்வொரு பெட்டி எடு, காற்று இல்லாத ஒரு காலையில் 100 மீற்றரில் சுடு, அகலத்தைப் பார்க்காதே, உயரத்தை மட்டும் அள. எது குறுகி நிற்கிறதோ அந்த லொட்டைக் கடையில் இருக்கிற அளவுக்கு வாங்கி வை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது முதல் இருபது இருபத்தைந்து ரவையைக் கணக்கில் எடுக்காதே, ஈயத்தின் மேல் பூசியிருக்கிற மெழுகு ஒவ்வொன்றுக்கும் வேறு, குழல் புது மெழுகுக்குப் பழக வேண்டும். உன் கிளப்பில் யாரிடமாவது வேகம் அளக்கிற ரேடார்க் கருவி இருந்தால் இரவல் கேள், என் கணக்குச் சரியா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

வேகமான ரவை வாங்கினால் காற்று குறைவாகத் தள்ளுமே என்று எழுதியிருந்தாய். இதுதான் இந்தச் சின்ன ரவையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கேட்கிற எல்லோரும் நம்ப மறுக்கிற விஷயமும் கூட: வேகமானதைத்தான் காற்று கூடத் தள்ளும். காற்று சன்னத்தைத் தள்ளுகிற அளவு அது பறக்கிற முழு நேரத்தைப் பொறுத்ததல்ல, வளி தடுத்ததால் அது எவ்வளவு பிந்தியது என்பதைப் பொறுத்தது. தடையே இல்லாவிட்டால் 325 இல் போகிற சன்னம் 200 மீற்றரை 0.62 செக்கனில் கடந்துவிடும், உண்மையில் 0.7 எடுக்கிறது, பிந்தியது 0.08. செக்கனுக்கு நாலரை மீற்றர் குறுக்குக் காற்றால் அதைப் பெருக்கு, 36 சென்ரிமீற்றர் வருகிறது, ஓர் அடிக்கு மேல். 380 இல் புறப்படுகிற ரவை ஒலியின் வேகத்தை ஒட்டிப் போகிற தூரத்தில் வளித்தடை ஒரேயடியாக ஏறி நிற்கும், அதனால் அது கூடப் பிந்துகிறது, கூடத் தள்ளப்படுகிறது. அதோடு ஒலி வேகத்தைக் கடந்து கீழே இறங்கும்போது சன்னம் ஆடும், குறி சிதறும். போட்டி ரவையை ஒலிக்குக் கீழே வைத்திருப்பது இதற்காகத்தான். இன்னொன்று, ஒலியின் வேகமும் நிலையானதல்ல, 30 பாகை வெப்பத்தில் 349, 10 பாகையில் 337. உன் ஊரின் குளிர்காலையில் 335 இல் புறப்படுகிற ரவை ஒலி வேகத்தின் கரையை உரசிக்கொண்டு போகும், அதே ரவை இங்கே மத்தியான வெயிலில் நல்ல பிள்ளையாக இருக்கும்.

காற்றைப் பற்றி உனக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். படத்தில் பார்த்தேன், கொடியை இலக்குக்குப் பக்கத்தில் மட்டும் நட்டிருக்கிறாய். உனக்குக் கிட்ட வீசுகிற காற்றுத்தான் பெரிய வேலை செய்கிறது. தொடக்கத்திலேயே சன்னம் திசை மாறினால் அந்த மாற்றத்தோடு மிச்சத் தூரம் முழுக்கப் போகும், கடைசி 20 மீற்றரில் வீசுவதற்கு ஒன்றும் செய்ய நேரமில்லை. உன் முன்னால் முப்பது நாற்பது மீற்றரில் ஒரு நாடா கட்டு, நடுவில் ஒன்று கட்டு, இலக்கடியில் இருப்பதைக் கடைசியாகப் பார். நடுவில் கட்டுவதை இடுப்புயரத்துக்கு மேலேயே கட்டு, 200 மீற்றருக்குச் சுடுகிற சன்னம் பாதிவழியில் குறிக்கோட்டுக்கு மேலே அரை மீற்றருக்கும் கூட எழும்பித்தான் இறங்குகிறது, புல்லடியில் வீசுகிற காற்று அதற்குத் தெரியாது.

இங்கே டச்சுக் குடாக் கரையில் காலையில் நடக்கப் போகும்போது நான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடியற்காலையில் கரைக்காற்று கடல் பக்கம் போகிறது, வெயில் ஏற ஏற அது தளர்கிறது, பிறகு கொஞ்ச நேரம் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கிறது, அதற்குப் பிறகு தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும், அதுதான் கடற்காற்று, கோடு கரைக்கு வருவதற்குள் வலைக்காரர்கள் தங்கள் வேலையை மாற்றிவிடுவார்கள். கச்சான் நாட்களில் இந்த ஒழுங்கு குலைந்துவிடும், அது மேற்கிலிருந்து அடித்து அடித்து நிற்கும், தென்னை ஓலை ஒரு பக்கம் முழுதாய்ச் சாய்ந்து, நிமிர்ந்து, திரும்பவும் சாயும். அந்த அடிக்கும் அடிக்கும் இடையிலான நேரத்தை எண்ணிப் பார்த்தால் ஒரு தாளம் பிடிபடும். உன் திடலிலும் அப்படி ஒன்று இருக்கும். ஒரே ஒரு நிலையைத் தெரிவு செய், நாடா இந்தக் கோணத்தில் நிற்கும்போதுதான் சுடுவேன் என்று முடிவெடு, அது திரும்பி வரும்வரை விரலை எடுத்துவிட்டுக் காத்திரு. கானலையும் பார். ஸ்கோப்பின் தூரத் திருகை இலக்குக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தால் கானல் ஓடுவது தெரியும், எந்தப் பக்கம் ஓடுகிறதோ காற்று அந்தப் பக்கம், நேரே மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை. நிலாவெளி வீதியில் மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக் கானல் புதிதல்லவே, நீயும் நானும் எவ்வளவு நின்றிருப்போம்.

ஸ்கோப்பில் உனக்கு இன்னும் சந்தேகம் என்றால் காசு செலவில்லாமல் சோதிக்கலாம். 100 மீற்றரில் ஒரு நீளப் பலகையில் தூக்குக்குண்டு கட்டி நேர்கோடு போடு, கீழே ஒரு புள்ளியைக் குறிபார்த்துச் சில வெடி, ஸ்கோப்பின் உயரத் திருகை 10 மில் (ஒரு மில் என்றால் 100 மீற்றரில் 10 சென்ரிமீற்றர்) ஏற்றி அதே புள்ளியைக் குறிபார்த்துச் சில வெடி. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் சரியாக ஒரு மீற்றர் இருக்க வேண்டும், கோட்டை விட்டுப் பக்கத்துக்குப் போகவும் கூடாது. ரைபிள் சாயாமல் இருக்கச் சின்ன நீர்மட்டம் ஒன்று பூட்டிக்கொள், இரண்டு பாகை சாய்ந்தாலே 200 மீற்றரில் ஏழெட்டு சென்ரிமீற்றர் பக்கத்தில் போய்விடும்.

மச்சான், உனக்கும் எனக்கும் துவக்குச் சத்தம் என்றால் என்ன என்று நான் எழுதத் தேவையில்லை. போன கோடையில் நீ கூப்பிட்டபோது நான் காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன், நீயும் அவசரப்படுத்தவில்லை, அதற்கு இப்போது நன்றி சொல்கிறேன். உள்ளே வந்து சிவப்புக் கொடி ஏற்றியதும் எல்லோரும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றதையும், ஒருவர் மற்றவரின் ரைபிளில் ரவை அறை வெறுமையா என்று எட்டிப் பார்த்ததையும் கண்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு நீ பக்கத்திலிருந்து சொல்லித்தர முதல் வெடி. டப் என்று ஒரு சின்னச் சத்தம், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிற நேரம், ஒன்றேகால் செக்கன் கழித்து 200 மீற்றர் தள்ளியிருந்த இலக்குத் தகட்டிலிருந்து மெல்லிய மணியோசை. போக 0.7, ஓசை திரும்பி வர 0.58. இந்தக் கையால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லாமல் ஒரு கணக்குச் சரிவந்தது என்ற சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை. மனிசிக்கு இதில் பிடிப்பில்லை, அவள் இழந்தவற்றை வைத்துப் பார்த்தால் அவள் சொல்வது சரிதான், நான் வாதாடுவதில்லை. இங்கே எனக்குத் துவக்கும் வேண்டாம், அனுமதிப்பத்திரமும் வேண்டாம், கடற்கரையும் கணக்குக் கொப்பியும் போதும்.

பேரனுக்கு பாரிஸ் ஒலிம்பிக் காணொளியைக் காட்டினேன். 2024 இல் 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் எடுத்தாரே, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். அந்த இலக்கின் பத்து வட்டம் வெறும் 10.4 மில்லிமீற்றர், நின்றும் முழந்தாளிட்டும் படுத்தும் அதை அடிக்க வேண்டும். பேரன் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, அவர் ஏன் இவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார் என்பது. அது நல்ல கேள்வி, அவனுக்கு மூச்சைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தேன்.

ஊர்ப் புதினம்: கோட்டை மான்கள் இப்போது பஸ் நிலையம் வரைக்கும் வந்து கடலைச் சரை தின்கின்றன, பொலித்தீனையும் சேர்த்து, பார்க்கக் கவலையாக இருக்கிறது. பாரை மீன் விலையைச் சொன்னால் நீ பயணத்தை நிறுத்திவிடுவாய், சொல்லவில்லை. உன் காணி உறுதியின் பிரதியை நொத்தாரிசிடம் எடுத்து வைத்திருக்கிறேன், கிழக்கு எல்லையில் வேலி சரிந்து கிடக்கிறது, ஆள் பிடித்துக் கட்டுவிக்கவா அல்லது நீ வந்து பார்த்த பிறகா என்று எழுது. ஆவணியில் வருவதென்றால் திகதியை முன்கூட்டியே சொல், கொழும்பிலிருந்து இரவு ரயிலில் இடம் பதிய வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்